வரி ரிபேட், ரீஃபண்ட்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் போதும், இதே சந்தேகங்கள் வரிசையாக வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். இங்கே வரும் கணக்குகள் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கானவை. அந்த வருமானத்துக்கு 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும். 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் அதற்கு அடுத்த நாளிலிருந்து ஈட்டும் வருமானத்துக்குத்தான்.

1. ரிபேட்டும் ரீஃபண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ரிபேட் என்பது வரித் தள்ளுபடி. உங்கள் வருமானத்துக்கு இவ்வளவு வரி என்று கணக்குப் போட்ட பிறகு, அந்த வரியையே சட்டம் குறைத்துவிடுவது. காகிதத்தில் நடக்கும் கழித்தல் அது, பணம் கைமாறாது. ரீஃபண்ட் என்பது, நீங்கள் கட்ட வேண்டியதைவிட அதிகமாக ஏற்கெனவே கட்டிவிட்ட வரி உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருவது.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரிபேட்டால் உங்கள் வரி பூஜ்யமாகிறது. ஆனால் அதற்குள் வங்கியோ கம்பெனியோ டிடிஎஸ் (பணம் தரும்போதே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடித்துவிட்டது என்றால், பிடித்தது முழுவதும் ரீஃபண்டாக வரும். எதுவும் பிடிக்கவில்லை என்றால் திரும்ப வருவதற்கு எதுவும் இல்லை.

2. 12 லட்சம் வரைக்கும் 60,000 ரூபாய் ரிபேட்னு சொன்னாங்க. அந்த 60,000 என் அக்கவுண்டுக்கு வருமா?

வராது. 60,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரிந்துவிடும். வரி கணக்கிட புதியது, பழையது என இரண்டு முறைகள் உண்டு; கழிவுகள் அதிகம் கிடைப்பது பழையதில். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம், அதாவது 40,000. ஆக 12 லட்சத்துக்கு வரி 60,000. 87ஏ பிரிவு அந்த 60,000-ஐத் தள்ளுபடி செய்கிறது. 9 லட்சம் வருமானம் உள்ளவருக்கு வரி 30,000 என்றால் அவருக்குத் தள்ளுபடியும் 30,000தான். மிச்சம் 30,000-ஐக் கையில் கொடுப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டுத்தான் பலருக்கு இந்த எண்ணம் வருகிறது. அமெரிக்காவில் 2020, 2021 ஆண்டுகளில் அரசே வீட்டுக்கு செக் அனுப்பியது உண்மை. இந்திய வருமான வரியில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

3. இந்த ரிபேட் யார் யாருக்குக் கிடைக்கும்?

இந்தியாவில் வசிப்பவர் என்று வருமான வரிச் சட்டம் கணக்கில் கொள்ளும் தனிநபருக்கு மட்டும். இந்துக் கூட்டுக் குடும்பம், பார்ட்னர்ஷிப், கம்பெனி எதற்கும் கிடையாது. வெளிநாடு வாழ் இந்தியருக்கும் கிடையாது. அதைக் கேள்வி 15-ல் பார்க்கலாம். வயது வரம்பு இல்லை. சம்பளக்காரர், பென்ஷன்காரர், கடை வைத்திருப்பவர், டியூஷன் எடுப்பவர் என யாராக இருந்தாலும் எல்லை ஒன்றுதான்: புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம், பழைய முறையில் 5 லட்சம்.

மொத்த வருமானம் என்பது கழிவுகள் போன பிறகு நிற்கும் தொகை. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் புதிய முறையில் 75,000 நிலையான கழிவு உண்டு. அதனால்தான் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள். வேறு வருமானமே இல்லாதவருக்குத்தான் அந்தக் கணக்கு சரி. சம்பளம் 12.75 லட்சம், அதற்கு மேல் எஃப்டி வட்டி 40,000 என்றால் எல்லை தாண்டிவிட்டது. கணவர் இறந்தபின் மனைவி வாங்கும் குடும்ப பென்ஷனுக்கு 75,000 கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது மட்டுமே கழியும்.

4. வரியே இல்லைன்னு ஆயிடுச்சே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?

ரிட்டர்ன் என்பது ஆண்டு வருமானக் கணக்கை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்வது. அதைப் போடத் தேவையில்லை என்ற எல்லை புதிய முறையில் 4 லட்சம். 12 லட்சம் அல்ல. 12 லட்சம் என்பது ரிபேட்டுக்கான எல்லை. ஆண்டுக்கு 9 லட்சம் வாங்குபவருக்கு வரி பூஜ்யம், ஆனாலும் ரிட்டர்ன் கட்டாயம். அந்த ரிட்டர்னில்தான் ரிபேட்டே கணக்கிடப்படுகிறது.

4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் டிடிஎஸ் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால்தான் பணம் வரும். துறை தானாகப் பார்த்து அனுப்பிவைக்காது.

5. 12 லட்சத்துக்கு மேல பத்தாயிரம் போயிடுச்சு. மொத்த ரிபேட்டும் போச்சா?

போகவில்லை. புதிய முறையில் இதற்கென்றே ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: எல்லையைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாக இருக்கக்கூடாது. மொத்த வருமானம் 12,10,000 என்றால் சாதாரணக் கணக்கில் வரி 61,500. தாண்டியது 10,000 மட்டும். எனவே வரி 10,000, அதன் மேல் 4 சதவீத செஸ் (வரியின் மேல் கூடுதல் வரி) 400, ஆகமொத்தம் 10,400.

வருமானம் ஏற ஏற இந்தச் சலுகை கரையும். 12,70,000-ல் வரி 70,500, தாண்டியது 70,000. சலுகை வெறும் 500. ஏறக்குறைய 12,70,588-ல் அது முடிந்துவிடுகிறது.

6. பழைய முறையிலயும் அப்படித்தானா?

அங்கே இந்தச் சலுகை இல்லை. பழைய முறையில் எல்லை 5 லட்சம், தள்ளுபடி அதிகபட்சம் 12,500. எல்லையைத் தாண்டினால் ஒரேயடியாக விழும். வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கிக் கணக்கிடுவார்கள் என்பதால் 5,00,004 என்பது 5,00,000 ஆகித் தப்பித்துவிடும். 5,00,010 ஆனால் 60 வயதுக்குக் குறைந்தவர் செஸ்ஸுடன் சேர்த்து 13,000 கட்ட வேண்டும். பத்து ரூபாய்க்குப் பதின்மூன்றாயிரம். பழைய முறையில் இருப்பவர்கள் மார்ச் மாதத்துக்குள் 80சி பிரிவில் கழிவு தரும் முதலீட்டையும் காப்பீட்டு பிரீமியத்தையும் கூட்டிப் பார்த்துவிட வேண்டியது இதற்காகத்தான்.

7. வருமானம் எட்டு ஒன்பது லட்சம்தான். ஆனா ஷேர் வித்த லாபத்துக்கு வரி கட்டச் சொல்லுது. ரிபேட் எங்க போச்சு?

தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்குப் புதிய முறையில் ரிபேட் செல்லாது. பட்டியலிட்ட பங்கு, பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டு ஆகியவற்றின் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம். நீண்ட கால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேல் போனதற்கு 12.5 சதவீதம். லாட்டரிப் பரிசும் இந்த வகைதான்.

கழிவுகள் போக சம்பளம் 9 லட்சம், குறுகிய கால லாபம் 1 லட்சம் என்று வையுங்கள். சம்பளத்துக்கான 30,000 வரி தள்ளுபடியாகும். லாபத்துக்கான 20,000 அப்படியே நிற்கும். செஸ்ஸுடன் 20,800 கட்ட வேண்டும். 12 லட்சம் எல்லையைப் பார்க்கும்போது மட்டும் இந்த லாபமும் மொத்த வருமானத்தில் சேரும். சலுகைக்கு இல்லை, எல்லைக்கு உண்டு. கசப்பாக இருந்தாலும் விதி அதுதான்.

ஓர் ஆறுதல் உண்டு. மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தொடவில்லை என்றால், மீதி இடத்தை இங்கே வசிப்பவர் பங்கு லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்ற வருமானம் 3 லட்சம், குறுகிய கால லாபம் 1.5 லட்சம் என்றால் 1 லட்சம் லாபம் விலக்கில் அடங்கிவிடும்; 50,000-க்கு மட்டும் வரி.

8. எஃப்டி வட்டியில பேங்க் 7,000 பிடிச்சிட்டாங்க. அதை எப்படித் திரும்ப வாங்குறது?

ஆண்டு வட்டி 50,000-ஐத் தாண்டினால், 60 வயதானவர்களுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால், வங்கி 10 சதவீதம் பிடிக்கும். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். உங்கள் வட்டி 70,000, அதனால் 7,000. உங்கள் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 7,000-மும் திரும்ப வரும்.

முதலில் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் 26ஏஎஸ் (உங்கள் பானில் பதிவான வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமானம் பற்றித் துறைக்கு வந்த தகவல்கள்) இரண்டையும் இறக்கிப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்ததற்கான கணக்கை வங்கிகளும் கம்பெனிகளும் மே 31 வரை தாக்கல் செய்யலாம். ஆகவே ஏப்ரலிலேயே அவசரப்பட்டு ரிட்டர்ன் போட்டால் கடைசிக் காலாண்டு விட்டுப்போகும். ஜூன் நடுவில் தொடங்குவது நல்லது. சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். குறுகிய கால பங்கு லாபம் இருந்தால் ஐடிஆர்-2.

படிவத்தில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் வட்டித் தொகை. பாஸ்புக்கில் வரவான 63,000-ஐ எழுதுகிறார்கள். எழுத வேண்டியது பிடித்ததற்கு முந்தைய 70,000. குறைத்து எழுதினால் ஏஐஎஸ்-சுடன் ஒத்துப்போகாது, ரீஃபண்ட் அங்கேயே நிற்கும். பிறகு டிடிஎஸ் பக்கத்தில் 7,000 வந்திருக்கிறதா என்று பார்த்து, ரீஃபண்டுக்கான வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, சமர்ப்பித்து, 30 நாளுக்குள் சரிபார்ப்பை முடியுங்கள். ஆதார் ஓடிபி எளிது. அது முடியாதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு துறையின் பெங்களூரு மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம்.

அடுத்த ஆண்டு பிடிக்காமல் இருக்க, 15ஜி, 15ஹெச் என்று பழகிப்போன உறுதிமொழிப் படிவத்தை ஏப்ரலிலேயே வங்கியில் கொடுத்துவிடுங்கள். வருமானத்துக்கு வரி வராது என்பவர் மட்டுமே கொடுக்கலாம். 60 வயதுக்குக் குறைந்தவருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: வட்டி முதலான வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக்கூடாது.

9. ரிட்டர்ன் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, பணம் வரல. என்ன பார்க்கணும்?

முதலில் சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள். ‘சமர்ப்பித்தேன்’ என்பவர்களில் பலர் ஓடிபி போடாமல் விட்டவர்கள். சரிபார்க்காத ரிட்டர்னைத் துறை கையிலேயே எடுக்காது. அது முடிந்திருந்தால், சாதாரணமாக நான்கைந்து வாரங்களில் பணம் வரும்.

தளத்தில் ‘தாக்கல் செய்த ரிட்டர்ன்கள்’ பகுதியில் நிலை தெரியும். இன்னும் பரிசீலனையில் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். 2026 ஜூலையில் போட்ட ரிட்டர்னைப் பரிசீலித்து 143(1) அறிவிப்பு (துறை போட்ட கணக்கின் முடிவு) அனுப்ப, சட்டப்படி துறைக்கு 2027 டிசம்பர் 31 வரை நேரம் உண்டு. குறைபாடு என்று 139(9) நோட்டீஸ் வந்திருந்தால் 15 நாளில் பதில் கொடுக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் பலருக்கு ஸ்பேமில் கிடக்கிறது. பான், ஆதார் இணைக்காமல் பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் வராது. ரீஃபண்ட் 100 ரூபாய்க்குக் குறைவு என்றால் கணக்கில் போட மாட்டார்கள்.

10. ‘ரீஃபண்ட் ஃபெயில்டு’னு வருது. அக்கவுண்ட் நம்பர் சரியாத்தான் இருக்கு!

நம்பர் சரியாக இருந்தாலும் பெயர் இடிக்கும். நம் ஊரில் இது தலையாய காரணம், இனிஷியல்தான் அதற்கு வேர். வங்கிக் கணக்கில் ‘கே. முருகன்’ என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் அதில் ‘முருகன் கந்தசாமி’ என்றோ ‘கந்தசாமி முருகன்’ என்றோ விழுந்திருக்கும். ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு இரண்டு பேர். திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிய பெண்களுக்கு இன்னும் சிக்கல்: வங்கியில் கணவர் இனிஷியல், பானில் அப்பா பெயர்.

பான் அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய், கேஒய்சி படிவத்தில் பெயரை பானில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். கணக்கோடு பான் இணைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பானில்தான் தவறு என்றால் பான் திருத்தம். பெயர் மாறியபின் இ-ஃபைலிங் தளத்தில் உங்கள் விவரப் பக்கத்தின் வங்கிக் கணக்குப் பகுதியில் மறுபடி சரிபார்ப்புக்கு அனுப்புங்கள். ‘வேலிடேட்டட்’ என்று வந்தபிறகு, ரீஃபண்டுக்கு என்று இருக்கும் பொத்தானையும் இயக்குங்கள். கடைசியாக, சேவைகள் பகுதியில் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை. இந்த வரிசை மாறக்கூடாது. கணக்கைச் சரிசெய்யாமல் கோரிக்கை மட்டும் போட்டால் மறுபடி தோற்கும்.

பெயர் ஒத்துப்போகிறது, இருந்தும் தோற்கிறது என்றால் ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தபோது பழைய எண்கள் மாறின. நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கும் இன்னொரு காரணம்.

11. 18,000 வரணும், 11,000தான் வந்திருக்கு. மீதி எங்க?

143(1) அறிவிப்பைத் திறந்தால் இரண்டு பத்திகள் இருக்கும்: நீங்கள் சொன்னது ஒரு பக்கம், துறை கணக்கிட்டது இன்னொரு பக்கம். எந்த வரியில் எண் மாறுகிறதோ அங்கேதான் விடை. நீங்கள் காட்டாத வட்டியைச் சேர்த்திருப்பார்கள், அல்லது கழிவு ஒன்றை ஏற்றிருக்க மாட்டார்கள். துறையின் தவறு என்றால் 154-வது பிரிவின் கீழ் திருத்த மனு. உங்கள் தவறு என்றால் கெடுவுக்குள் திருத்திய ரிட்டர்ன்.

இரண்டு பத்தியும் ஒத்திருந்தும் பணம் குறைந்தால், பழைய ஆண்டின் நிலுவையில் ஈடுகட்டியிருக்கிறார்கள். 245-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது, ஆனால் முன்கூட்டி உங்களுக்கு அறிவிப்பு அனுப்பி 21 நாள் தர வேண்டும். நிலுவை தவறு என்றால் அந்த 21 நாளுக்குள் தளத்தில் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

12. சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சாங்க. 26ஏஎஸ்ல ஒண்ணுமே இல்ல!

கம்பெனி பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டவில்லை, அல்லது கட்டியதை உங்கள் பானில் பதியவில்லை. பின்னது என்றால் கணக்குப் பிரிவு தங்கள் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தினால் போதும். எழுத்தில், மின்னஞ்சலில் கேளுங்கள்.

கட்டவே இல்லை என்றால், சம்பளச் சீட்டும் சம்பளம் வரவான வங்கி அறிக்கையும்தான் உங்கள் கவசம். பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று 205-வது பிரிவு தடுக்கிறது. கேட்பு வந்தால் அதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். ஆனால் அந்தப் பணத்தை ரீஃபண்டாக வாங்குவது வேறு விஷயம். 26ஏஎஸ்ஸில் ஏறாதவரை கணினி தராது.

13. தாமதமா கொடுத்தா வட்டி தருவாங்களா?

தருவார்கள். 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம், மாதத்தில் ஒரு பகுதியும் முழு மாதம். கெடுவுக்குள் போட்ட ரிட்டர்னுக்கு ஏப்ரல் 1 முதல் எண்ணுவார்கள். கேள்வி 8-ல் உள்ள 7,000 ஆகஸ்டில் வந்தால் ஐந்து மாதம், வட்டி 175. ரீஃபண்ட் தொகை உங்கள் மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால் வட்டி இல்லை. இந்த வட்டி வருமானம்தான், அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

14. கெடு முடிஞ்சிருச்சு. இனி ரீஃபண்ட் கிடைக்காதா?

ஐடிஆர்-1, 2 போடுபவர்களுக்குக் கெடு ஜூலை 31. நீட்டிப்பை நம்ப வேண்டாம். 2025-ல் செப்டம்பர் 16 வரை போனது, எல்லா ஆண்டும் அப்படி நடக்காது. தவறியவர் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் கேட்கலாம். தாமதக் கட்டணம் 5,000, மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000; வருமானம் அடிப்படை விலக்குக்குக் கீழே என்றால் இல்லை. பெரிய நஷ்டம் வேறு: தாமத ரிட்டர்னில் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுக்கடன் வட்டி, 80சி எல்லாம் வைத்து ரீஃபண்ட் எதிர்பார்த்தவருக்கு அது கைநழுவும். வட்டியும் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான்.

டிசம்பரும் போய்விட்டால் ஐடிஆர்-யு (காலம் கடந்து புதுப்பித்துப் போடும் ரிட்டர்ன்) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி மனுப் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு அடுத்த நிதியாண்டு) முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை வழியுண்டு. 2020-21 வருமானம் என்றால் 2027 மார்ச் 31 வரை. மருத்துவமனையில் கிடந்தது போன்ற உண்மையான காரணமும் அதற்கான சான்றும் வேண்டும். இந்த வழியில் வட்டி இல்லை.

15. நான் துபாய்ல இருக்கேன். ஊர்ல எஃப்டி இருக்கு, 30 பர்சென்ட் பிடிக்கிறாங்க.

என்ஆர்ஓ கணக்கின் (வெளிநாடு வாழ் இந்தியர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு 87ஏ ரிபேட் இல்லை, ஆனால் 4 லட்சம் அடிப்படை விலக்கு உண்டு. இந்தியாவில் ஆண்டு வட்டி 3 லட்சம் மட்டும் என்றால் வரி இல்லை. பிடித்த 93,600 முழுவதும் ரிட்டர்ன் போட்டால் வரும். ஐடிஆர்-2 போட வேண்டும், ஐடிஆர்-1 உங்களுக்கு இல்லை. தளத்தில் குடியிருப்பு நிலையை மாற்றி, என்ஆர்ஓ கணக்கைச் சரிபார்த்து வையுங்கள்.

16. அப்பா தவறிட்டார். அவர் பென்ஷன்ல பிடிச்ச வரியை யார் வாங்குறது?

வாரிசு வாங்கலாம். அவருடைய பான் எண்ணில், அவர் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு ரிட்டர்ன் போட வேண்டும். நீங்கள் உங்கள் பான் கணக்கில் உள்நுழைந்து சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்யுங்கள். இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பான், உங்கள் பான், தாலுகா அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு நாள் பிடிக்கும், ஜூலை வரை காத்திருக்காதீர்கள். அவருடைய வங்கிக் கணக்கை அவசரமாக மூடிவிட்டுப் பிறகு ரீஃபண்டுக்கு அலைபவர்கள் அதிகம். வழி என்ன என்று முதலில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

17. ஒருத்தர் 50,000 ரீஃபண்ட் வாங்கித் தரேன், பத்து பர்சென்ட் கமிஷன் போதும்ங்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, இல்லாத ஊனம் என்று எழுதித்தான் அந்த 50,000 வரும். பணம் வந்துவிட்டது என்பதால் விஷயம் முடிந்ததாக ஆகாது. பின்னர் ஆய்வில் சிக்கினால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு வட்டியும், தவறான தகவலுக்கு வரியில் 200 சதவீதம் அபராதமும் சேரும். கையெழுத்தும் ஓடிபியும் உங்களுடையவை, பொறுப்பும் உங்களுடையதே. கமிஷன் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். ஏற்கெனவே அப்படிப் போட்டுவிட்டவர்கள் நோட்டீஸ் வரும் முன் திருத்திக்கொள்வதே நல்லது.

18. ‘உங்கள் ரீஃபண்ட் 15,490 தயார், இந்த லிங்கை அழுத்தவும்’னு மெசேஜ் வந்திருக்கு. நிஜமா?

அழுத்தாதீர்கள். ரீஃபண்ட் கொடுக்க துறை உங்களிடம் கார்டு எண், பின், வங்கி ஓடிபி எதையும் கேட்காது. கணக்கு விவரம் ரிட்டர்னிலேயே இருக்கிறது. சந்தேகம் என்றால் மெசேஜை மூடிவிட்டு, நீங்களே இ-ஃபைலிங் தளத்தைத் திறந்து, கேள்வி 9-ல் சொன்ன இடத்தில் நிலையைப் பாருங்கள். தெரியாமல் அழுத்தி விவரம் கொடுத்துவிட்டால் உடனே வங்கியில் சொல்லிக் கணக்கை முடக்கி, 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.